பச்சை வலைக்குப் பின்னால்

"உங்கப்பா மேல நின்னதை நீ கண்ணால பார்த்தியா?" என்று அன்றைக்கு ஸ்டேஷனில் ஏட்டு கேட்டார்.

சங்கமித்ராவுக்குப் பொய் சொல்ல வராது. கேட்பவர் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை சேர்த்துப் பேசவும் வராது. "இல்லீங்க" என்றாள். அவர் எழுதிக்கொண்டார். காலையில் தொம்மலூரிலிருந்து அப்பாவும் அவளும் ஒரே பஸ்ஸில் வைட்ஃபீல்டுக்கு வந்தார்கள். இறங்கியதும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அப்பா ரோட்டைக் கடந்து போனார், அவள் இந்தப் பக்கம் தன் ஆபீசுக்குப் போனாள். கட்டடம் முழுக்கப் பச்சை வலை கட்டியிருந்ததால் உள்ளே யார் நின்றாலும் வெளியே தெரியாது. இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஏட்டு அதற்குள் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

அப்பா கோவிந்தப்பா பூச்சு வேலைக்காரர். விழுந்தது மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து. சைட் சூப்பர்வைசர் மஞ்சுநாத் எழுதிக் கொடுத்ததோ வேறு கதை. கோவிந்தப்பா அன்றைக்கு வேலைக்கே வரவில்லையாம். குடித்துவிட்டு யாரையோ பார்க்க வந்தாராம், கீழே படிக்கட்டில் கால் இடறி விழுந்தாராம். வருகைப் பதிவேட்டைக் காட்டினார்கள். அந்தத் தேதியில் அப்பாவின் கையெழுத்து இல்லை. எப்படி இருக்கும்? அந்த சைட்டில் கையெழுத்து வாங்குவதே சாயங்காலம், வேலை முடிந்து கை கழுவிய பிறகுதான். அப்பா விழுந்தது காலை பத்தரைக்கு. கூட வேலை பார்த்தவர்களை அந்த வாரமே லாரியில் ஏற்றி எங்கோ வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யார் போனும் எடுக்கவில்லை.

"குடிச்சாராமே!" என்று அம்மா எல்லம்மா சுவரைப் பார்த்துச் சொல்வாள். "தொட்டு பதினோரு வருஷம் ஆச்சு. கட்டினவளுக்குத் தெரியாதா?" அடுப்பில் பாத்திரத்தை வைப்பாள், எடுப்பாள். "எனக்கு வேற எதுவும் வேணாம் மித்ரா. அந்த மனுஷன் வேலைக்குத்தான் போனாரு, வேலையிலதான் செத்தாருன்னு ஒருத்தன் எழுதிக் கொடுக்கட்டும். போதும்."

சங்கமித்ரா காலேஜ் முதல் வருஷத்தோடு படிப்பை விட்டவள். வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் கண் இருட்டிக்கொண்டு வரும். ஒரு நாள் போகாமல் இருந்தாள், அப்புறம் ஒரு வாரம், அப்புறம் போகவே இல்லை. எதிர் ஆபீசில் கூட்டித் துடைக்க ஆள் வேண்டும் என்று அப்பாதான் வாட்ச்மேனிடம் கேட்டு வந்து சேர்த்துவிட்டார். நாலாவது மாடியில் ஒரு பெரிய அறை. அதில் கதவு உயரத்துக்கு ஒரு கறுப்புப் பலகை. பலகையில் எட்டுக்கு எட்டாக அறுபத்து நாலு சின்னச் சின்ன கேமராக்கள், எல்லாம் ஜன்னலைப் பார்த்து. தினமும் காலையில் அறுபத்து நாலு கண்ணாடிகளையும் விரல் படாமல் மெல்லிய துணியால் துடைப்பது அவள் வேலை. காலை பத்து மணி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை, அந்தப் பலகை எதிர்க் கட்டடத்துப் பச்சை வலையைப் படம் பிடிக்கும். பார்க்க ஒன்றுமே இல்லாத வலையை எதற்காக இப்படி விழுந்து விழுந்து எடுக்கிறார்கள் என்று அவளுக்கு முதலில் சிரிப்பாக வரும்.

அப்பா போய் நாலு மாதம் கழித்து, வெளியூரிலிருந்து கோட்டு போட்டவர்கள் சிலர் பார்க்க வந்தார்கள். இன்ஜினியர் கிருத்திகா அவர்களுக்குத் திரையில் காட்டிக்கொண்டிருந்தாள். சங்கமித்ரா டீ கப்புகளை எடுக்கப் போனவள் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

திரையில் பச்சை வலை இருந்தது. கிருத்திகா மவுஸை மெல்ல நகர்த்தினாள். வலை மங்கியது, கரைந்தது, புகை மாதிரி ஆனது. புகைக்குப் பின்னால் செங்கல் சுவர். சுவரோரம் குத்துக்காலிட்டு ஒருத்தர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கோட்டு போட்டவர்கள் கை தட்டினார்கள்.

கேட்பதற்கு அவளுக்கு ஒன்பது நாள் ஆனது. வாயால் கேட்கவும் இல்லை. அப்பா விழுந்த தேதியை ஒரு சீட்டில் எழுதி, "அன்றைக்குக் காலையில் எடுத்தது இருக்கிறதா?" என்று கீழே சேர்த்து, கிருத்திகாவின் மேஜையில் கீபோர்டுக்கு அடியில் பாதி தெரிகிற மாதிரி வைத்துவிட்டு பாத்ரூமைக் கழுவப் போய்விட்டாள்.

கிருத்திகா தேடிக்கொண்டு வந்தாள். சேலத்துப் பெண், முப்பது வயதுக்குள்தான். "மேடம்னு கூப்பிடாதே, பேர் சொல்லு" என்று முதல் நாளே சொன்னவள். பேர் சொல்ல வாய் வராததால் சங்கமித்ரா அவளை இதுவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"எதுக்குடி இந்தத் தேதி?"

சொன்னாள். பாத்ரூம் வாசலில், கையில் பிரஷோடு, தரையைப் பார்த்தபடி. கிருத்திகா முழுதும் கேட்டாள். பிறகு அவள் கையிலிருந்த பிரஷை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "வா" என்றாள்.

"அன்னிக்கு எடுத்தது இருக்கு. நாங்க எதையும் அழிக்க மாட்டோம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இது எப்படின்னு புரியுதா உனக்கு? ஒரு கேமரா ஒரு இடத்துலேர்ந்துதான் பார்க்கும். அதுக்கு வலைதான் தெரியும், வலை ஓட்டையில ஏதோ துளி தெரியும். பக்கத்து கேமரா கொஞ்சம் தள்ளி இருக்கு இல்ல? அதுக்கு வேற ஓட்டை, வேற துளி. எந்தப் பக்கத்துலேர்ந்து வர்ற வெளிச்சம் எதுன்னு எல்லாத்தையும் தனித்தனியா பிடிச்சு வெச்சுட்டா, அப்புறம் எவ்வளவு தூரத்துல பார்க்கணும்னு நாம சொல்லலாம். வலை தூரத்துல பாருன்னா வலை. சுவர் தூரத்துல பாருன்னா சுவர்."

"ஓடுற பஸ்ல..." என்று ஆரம்பித்து சங்கமித்ரா நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லு, சொல்லு."

"ஓடுற பஸ்லேர்ந்து கம்பி வேலியைப் பார்த்தா, வேலி போயிடும். உள்ள இருக்கிற செடி எல்லாம் தெரியும். பஸ் நின்னுட்டா வேலிதான் தெரியும்."

கிருத்திகா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "அதேதான். இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்குப் பத்து ஸ்லைடு வேணும்."

படம் வந்தது. பத்து மணி பத்து நிமிஷம் என்று மூலையில் இருந்தது. அந்த நிமிஷம் அவளும் அதே அறையில்தான், நிழல் விழக்கூடாது என்று தூண் பக்கம் ஒதுங்கி நின்றிருந்தாள். கிருத்திகா நகர்த்த நகர்த்த வலை பச்சைப் புகையானது. சாரத்து மூங்கில் வந்தது. பலகை வந்தது. பலகை மேல் ஒரு ஆள் வந்தார். தலையில் துண்டு, கையில் மட்டக்கோல். இடது காலில் பாரத்தைப் போட்டு வலது குதிகாலைத் தூக்கி நின்றிருந்தார்.

சங்கமித்ரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்கப்பாவா?"

தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

முகம் மட்டும் நகத்தளவில், நனைந்த தாளில் மை ஊறின மாதிரி இருந்தது. அவளுக்கு முகமே வேண்டியிருக்கவில்லை. ஆனால் அம்மா பார்க்க வேண்டுமே, விசாரிக்கிற அதிகாரி பார்க்க வேண்டுமே என்று தோன்றியது. நாலு மாதத்தில் முதல் தடவையாக அவளாக வாய் திறந்து ஒன்று கேட்டாள்.

"மூஞ்சி கொஞ்சம் தெளிவா வருமா?"

"அதுக்கென்ன, வெளிய காட்டுற எல்லாப் படத்துக்கும் கடைசியில இதைப் போட்டுத்தானே அனுப்புறோம்" என்று கிருத்திகா வேறொரு பொத்தானைத் தட்டினாள். ஒரு சக்கரம் சுற்றியது. மங்கல் போய் முகம் வந்தது. கண், மூக்கு, மீசை எல்லாம் திருத்தமாக, ஸ்டூடியோவில் எடுத்த மாதிரி.

சங்கமித்ரா பார்த்தாள். அப்பாவுக்கு இடது பக்கம் கடைவாய்ப் பல் இரண்டும் இல்லை, அந்தக் கன்னம் குழிந்திருக்கும். படத்தில் குழி இல்லை. வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறதோ என்னவோ என்று நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. கிருத்திகாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் வேறு. அவள் எதுவும் சொல்லவில்லை.

தொழிலாளர் ஆபீசில் போட்டிருந்த நஷ்டஈட்டு வழக்கை எடுத்து நடத்தியது கட்டடத் தொழிலாளர் சங்கத்து ரங்கா. படத்தைப் பார்த்ததும் மேஜையைத் தட்டினார். "ஆய்து! மஞ்சுநாத் கதை முடிஞ்சுது. ஆனா ஒண்ணு, அம்மாவுக்கு இப்போ காட்டாதே கண்ணு. ஹியரிங்ல முதல் தடவையா பார்க்கட்டும். முன்னாடியே காட்டினா, சொல்லிக் கொடுத்து கூட்டிட்டு வந்திருக்கோம்னு கான்ட்ராக்டரோட வக்கீல் அந்த லாயிட் ஆரம்பிச்சுடுவான். சும்னே எதுக்கு வம்பு?"

அது சரியாகவே பட்டது. சங்கமித்ரா வீட்டில் மூன்று வாரம் அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள். "என்னடி, உன் பாட்டுக்கு சிரிக்கிறே?" என்று எல்லம்மா ஒரு நாள் கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா" என்றாள்.

விசாரணை நடந்த அறையில் இரண்டு பீரோ, ஒரு நீள மேஜை, தலைக்கு மேல் கிறீச்சென்று சுற்றும் ஃபேன். மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி ஸ்வர்ணா. கன்னடக்காரர், தமிழும் பேசுவார். கான்ட்ராக்டர் தரப்பு வக்கீல் லாயிட் அறுபத்து நாலு படங்களையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதைச் சீட்டுக்கட்டு மாதிரி மேஜையில் பரப்பினார்.

"மேடம், எனக்கு போன மாசம்தான் கேட்டராக்ட் ஆபரேஷன் ஆச்சு. நல்லா தெரியுதுன்னு டாக்டர் சர்டிஃபிகேட்டே கொடுத்திருக்கார்" என்றார் லாயிட். "இந்த அறுபத்து நாலுல எதுல ஆள் இருக்கார்னு அந்தப் பொண்ணு ஒண்ணே ஒண்ணு எடுத்துக் காட்டட்டும். நான் கோட்டைக் கழட்டி வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடறேன்."

"தனித்தனியா எதுலயும் தெரியாது" என்றாள் கிருத்திகா. "எல்லாம் சேர்ந்தா தெரியும்."

"அறுபத்து நாலு பேர் பார்க்கலைன்னு சாட்சி சொல்றாங்க. அறுபத்து நாலு பேரையும் சேர்த்தா பார்த்தேன்னு ஆயிடுமா?"

மஞ்சுநாத் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். கிருத்திகா கோபப்படவில்லை. ஜன்னல் கம்பியைக் காட்டி, "மேடம், நீங்க பஸ்ல போயிருக்கீங்கல்ல?" என்று அதிகாரியைக் கேட்டாள். ஓடும் பஸ்ஸும் கம்பி வேலியும் சொன்னாள். ஸ்வர்ணா பேனாவை வைத்துவிட்டுத் தலையை ஜன்னல் பக்கம் திருப்பி இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். கம்பிக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "ம்" என்றார். கிருத்திகா லேப்டாப்பில் வலையைக் கரைத்துக் காட்டியபோது அவர் உடம்பு முன்னால் சாய்ந்தது. "தேதி, நேரம் இதுலயே பதிவாகுதா?" "ஆகுது மேடம்." "மாத்த முடியுமா?" "மாத்தினா தெரிஞ்சுடும் மேடம்."

ரங்கா மேஜைக்கு அடியில் சங்கமித்ராவின் கையை ஒரு தட்டுத் தட்டினார். மஞ்சுநாத்தின் சிரிப்பு போய்விட்டிருந்தது.

கிருத்திகா பெரிதாக பிரிண்ட் போட்டு வந்திருந்த முகத்தோடு கூடிய படத்தை ஸ்வர்ணா எடுத்தார். எல்லம்மாவின் முன்னால் வைத்தார்.

"நோடம்மா. சாவகாசமா பாரு. யாரு இவரு?"

எல்லம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். அஞ்சு மாதமாகப் பார்க்காத மனுஷனைப் பார்க்கப் போகிறோம் என்று குனிந்தவளின் முகம் அப்படியே நின்றது. படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். கிட்டே கொண்டுவந்தாள். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தாள், ஏமாந்துபோன கண்ணோடு.

"சட்டை அவரு சட்டை மாதிரிதான் இருக்குங்க" என்றாள். "நிக்கிறதும் அப்படித்தான். ஆனா இது அவரு இல்லீங்க."

லாயிட் பரப்பியிருந்த பிரிண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார்.

"நல்லா பாருங்க அக்கா," என்றார் ரங்கா அவசரமாக.

"ரங்கா, நீங்க பேசக்கூடாது" என்றார் ஸ்வர்ணா.

"நல்லாத்தான் பார்த்தேன். இவரு யாரோ, பாவம். எங்க வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கம் கன்னம் இருக்காதுங்க. யாரோ ஒருத்தரைக் காட்டி அவருன்னு நான் எப்படிச் சொல்றது? பொய் சொல்லி அவரு பேரை வாங்கினா அவருக்கே பொறுக்காது."

சங்கமித்ரா எழுந்தாள். அந்தக் கன்னம் மிஷின் போட்டதும்மா, நான்தான் கேட்டேன், நான்தான் பார்த்துட்டும் சொல்லலை என்று எல்லாம் வரிசையாக வந்து நின்றது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

சொன்னது கிருத்திகாதான். முகம் வெளுத்துப்போய், "மேடம், முகத்தை மட்டும் சாஃப்ட்வேர் தெளிவாக்கினது. அது ஆயிரக்கணக்கான முகத்தைப் பார்த்துப் பழகினது. தெரியாத இடத்தை அதுவா நிரப்பிடும். எங்க வழக்கத்துல எல்லாப் படத்துக்கும் போடுவோம், பழக்கத்துல..."

"நிரப்பிடும்" என்று லாயிட் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "மேடம், மூஞ்சியை மிஷின் நிரப்பிச்சு. ஒத்துக்கறாங்க. அப்போ கையை யார் நிரப்பினது? சாரத்தை யார் நிரப்பினது? எனக்குத் தெரியாது. அந்தம்மாவுக்கும் தெரியாது. நல்ல மனுஷி, உண்மையைச் சொல்லிட்டாங்க."

"நிரப்பாத படம் இருக்கு மேடம். இதோ." கிருத்திகா லேப்டாப்பைத் திருப்பினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான படம் வந்தது.

ஸ்வர்ணா பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல முகமே இல்லையேம்மா."

"அவங்க கிட்ட இதைக் காட்டி இன்னொரு தடவை..."

"இல்லைன்னு சொன்னதுக்கு அப்புறம், இதுதான் அவருன்னு நீங்க எல்லாரும் சொன்னதுக்கு அப்புறம் காட்டினா, அதை நான் எப்படி எடுத்துக்கறது?" அதிகாரியின் குரலில் கடுமை இல்லை. அது இருந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சங்கமித்ராவுக்கு. "மனைவி அடையாளம் காட்டலைன்னு பதிவு ஆயிடுச்சு. பதிவேட்டுல பேரும் இல்லை. நான் கையில இருக்கிறதை வெச்சுத்தான் எழுத முடியும்."

எழுதினார். கோவிந்தப்பா சம்பவ தினத்தன்று பணியில் இருந்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று அந்த வரி முடிந்தது. ரங்கா அதைத் தமிழில் சொன்னார். மேலே அப்பீல் போகலாம் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே காம்பவுண்டுக்குள் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. எல்லம்மா அதில் உட்கார்ந்துகொண்டு, "எவனோ ஒருத்தன் போட்டோவைக் காட்டி என்னை ஏமாத்தப் பார்த்தாங்களா மித்ரா?" என்று கேட்டாள். "அந்த மஞ்சுநாத் வேலையா? நான் விடுவேனா? பளிச்சுன்னு சொல்லிட்டேன் பாரு."

கிருத்திகா பக்கத்தில் நின்றிருந்தாள். போய்விடலாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு அவளே பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

"அம்மா, நீங்க இதையும் ஒரு தடவை பார்த்துடுங்க. மிஷின் கை வைக்காதது."

வேண்டாம் என்று சொல்ல சங்கமித்ரா வாயைத் திறந்தாள். அதற்குள் வெயிலுக்கு முந்தானையால் மறைத்துக்கொண்டு எல்லம்மா குனிந்துவிட்டாள். பச்சைப் புகை. மூங்கில். பலகை. மங்கலான ஆள். நெற்றிக்கு மேலே கறுப்பாக ஏதோ திரண்டிருந்தது. வலையின் மிச்சம் என்று நினைத்து கிருத்திகா அதைப் பொருட்படுத்தியிருக்கவில்லை. தெளிவாக்கின படத்தில் அந்தத் திரட்சி மழுங்கி நெற்றியாகவே ஆகிவிட்டிருந்தது.

எல்லம்மாவின் விரல் நேரே அங்கே போனது.

"முடிச்சு" என்றாள். "துண்டு முடிச்சு. பின்னங்கழுத்துல கட்டி வந்திருந்துச்சு அவருக்கு. பின்னாடி முடிச்சுப் போட்டா அழுத்துதுன்னாரு. நான்தான் அன்னைக்கு முன்னாடி முடிச்சுப் போட்டுவிட்டேன்."

வாசலில் ஆட்டோக்காரர் ஒருவர் யாரோடோ வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க காட்டினது?" என்றாள் எல்லம்மா.

"அதுவும் இவர்தான்மா" என்றாள் கிருத்திகா.

"அது இவருதானா?"

"ஆமாம்மா" என்றாள் சங்கமித்ரா. "மூஞ்சி தெளிவா வேணும்னு நான்தான் கேட்டேன். நீ பார்க்கணும்னுதான். கன்னம் வேற மாதிரி இருந்ததைப் பார்த்தேம்மா. பார்த்துட்டும் சொல்லலை."

இவ்வளவையும் அவள் ஒரே மூச்சில், நிறுத்தாமல், அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். உள்ளே மேஜை முன்னால் வராத வார்த்தை இப்போது தடையில்லாமல் வந்தது. இப்போது வந்து யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எல்லம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடுகள் இரண்டு தடவை அசைந்தன, சற்று முன் மேஜை முன்னால் தான் சொன்னதை மறுபடி சொல்லிப் பார்ப்பது மாதிரி. பேட்டரி குறைந்து திரை தானாக மங்கியது. கிருத்திகா அவசரமாக ஒரு பொத்தானைத் தட்டினாள். வெளிச்சம் வந்தபோது எல்லம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவள் எழுந்தாள். பெஞ்சில் கிடந்த பையை எடுக்கவில்லை. மகளையும் தாண்டி, ரங்காவையும் தாண்டி, நடுவில் பைக்கை எடுத்துக்கொண்டிருந்த மஞ்சுநாத்தையும் தாண்டி கேட்டுக்குப் போனாள். அவன்கூட பைக்கைப் பின்னால் தள்ளி வழி விட்டான்.

"ம்மா" என்று சங்கமித்ரா பின்னாலேயே ஓடினாள். "ம்மா, இரும்மா, நானும் வரேன்."

நிறுத்தத்தில் ஒரு பஸ் நின்றிருந்தது. தொம்மலூர் போகாத பஸ். எல்லம்மா போர்டைப் பார்க்காமல் முன்படியில் ஏறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள். சங்கமித்ரா படியை எட்டுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. பஸ் போய்விட்டது.